சகுரா மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் நாலு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முதல் இரண்டு வருடம் எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வருடம் மார்ச்சில் லேசான தும்மல். போன வருடம் மூக்கு, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றியது. கண் சிவந்து, ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு விட்டேன். எங்கள் வட்டாரத்தில் மார்ச் கடைசியில், சகுரா பூக்கும் நேரத்தில், ஜப்பானியரும் பல நாட்டுக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு விழா நடத்துவார்கள். போன முறை நான் கோலம் போடும்போது தும்மித் தும்மி மாவெல்லாம் பறந்துவிட்டது. இந்த முறை கோலமும் வடைக் கடையும் என் பொறுப்பு என்கிறார்கள். ஒத்துக்கொள்ளவா, ஒதுங்கிக்கொள்ளவா? சகுராப் பூதான் எனக்கு ஆகவில்லையா? இதுவரை ஊரிலிருந்து கொண்டு வந்த செட்ரிசின் மாத்திரையைத்தான் தும்மல் வந்தால் போட்டுக்கொள்கிறேன். மார்ச்சில் அம்மா முதல் தடவையாக இங்கே வருகிறார்கள், இன்னும் மாத்திரை கொண்டு வரச் சொல்லலாமா? ஏப்ரலில் பள்ளிக்கூடம் சேரப்போகும் மகனும் கண்ணைக் கசக்குகிறான். ஒரே ஊசியில் சரியாகிவிடும் என்று ஒரு தோழி சொல்கிறாள். போட்டுக்கொள்ளலாமா?
— நிஷிகசாய் வாசகி

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிட்டது. இதே கேள்வியை மார்ச் 25-ஆம் தேதி கேட்டிருந்தால் என்னால் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

உங்களுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஜப்பானில் 'கஃபுன்ஷோ' என்று சொல்லும் மகரந்த ஒவ்வாமை. எனக்கும் உண்டு. காது மூக்கு தொண்டைப் படிப்பை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்காக டோக்கியோ போனவன் நான். மூன்று வருடம் சக டாக்டர்கள் மாஸ்க்கும் கண்ணாடியுமாக மூக்கைச் சிந்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நாலாவது மாசியில் ஒருநாள் ரயிலில் பதினேழு தும்மல். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்து, "ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டார். அவர் கேட்ட தொனியில் அனுதாபத்தைவிட வரவேற்புதான் அதிகம் இருந்தது.

முதலில் சகுராவை விடுவித்துவிடலாம். சகுராப் பூவுக்குத் தேனீயும் பூச்சிகளும் வந்து மகரந்தத்தை எடுத்துப் போகும். அதனால் அந்த மகரந்தம் காற்றில் பெரிதாக மிதக்காது. கண்ணுக்கு அழகாக இருக்கும் பூ பெரும்பாலும் பூச்சிக்காகத்தான் அழகாக இருக்கிறது. காற்றை நம்பிப் பிழைக்கும் மரத்துக்கு அழகு தேவையில்லை, அளவு போதும். ஜப்பானில் அந்த மரம் சுகி. தேவதாரு என்று சிலர் மொழிபெயர்ப்பார்கள், ஆனால் அது தேவதாரு இனமில்லை, சைப்ரஸ் குடும்பத்து மரம். டார்ஜிலிங் போயிருந்தால் பாதையோரம் நெடுநெடுவென்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதற்கு 'தூப்பி' என்று பெயர். டோக்கியோ பக்கம் சுகி பிப்ரவரி முதல் பாதியில் தொடங்கி, மார்ச்சில் உச்சத்துக்குப் போய், ஏப்ரலில் அடங்கும். அது அடங்குவதற்குள் அதே குடும்பத்து ஹினோகி தொடங்கிவிடும். மார்ச் கடைசியில் ஆரம்பித்து மே முதல் வாரம் வரை அது ஓடும். இரண்டின் மகரந்தமும் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை என்பதால், சுகியில் மாட்டிக்கொண்டவர்கள் பலருக்கு ஹினோகியிலும் விடுதலை இல்லை. சகுரா பூப்பது சரியாக இந்த இரண்டும் கைமாறும் நேரத்தில். குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்ததைத் தவிர சகுரா வேறொரு தப்பும் செய்யவில்லை.

'நிஷிகசாயில் சுகி மரமே கிடையாதே' என்று உங்களுக்குத் தோன்றும். கிடையாதுதான். நீங்கள் இருப்பது கடலோரம், மரம் இருப்பது மேற்கே ஓமே, ஒகுதாமா மலைப்பக்கம். ஆனால் சுகி மகரந்தம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான், காற்று அடித்தால் பல பத்து கிலோமீட்டர் சாதாரணமாக வந்துவிடும். மண் தரையில் விழுந்தால் அங்கேயே கிடந்து மக்கும். நகரத்தின் சிமென்ட்டிலும் தாரிலும் விழுந்தால் வண்டி போகப் போக மறுபடி மறுபடி கிளம்பும். மலையடிவாரத்தில் இருப்பவரைவிட நகரத்தில் இருப்பவர் சில நாள் அதிகம் அவதிப்படுவது இதனால்தான்.

இவ்வளவு சுகி எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் ஜப்பானின் மலைகளை மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். போர் முடிந்த பிறகு வீடு கட்ட மரம் வேண்டும், மலைச்சரிவும் நிற்க வேண்டும். சீக்கிரம் நேராக வளரும் சுகியை 1950-களிலும் 60-களிலும் மலை மலையாக நட்டார்கள். 1964-இல் வெளிநாட்டு மரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். மலிவான மரம் கப்பலில் வந்து இறங்க, மலையில் நட்டதை வெட்ட ஆளில்லை. சுகி முப்பது வயதைத் தாண்டினால்தான் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கும். அதே 1964-இல்தான் சைத்தோ யோசோ என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவரும் நிக்கோ ஊரில் தாங்கள் பார்த்த நோயாளிகளை வைத்து, சுகி மகரந்த ஒவ்வாமை என்று ஒன்று இருப்பதை எழுதினார்கள். அன்றைக்கு அது ஒரு புதுமை. 2019-இல் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் குடும்பங்களிடம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 38.8 விழுக்காடு பேருக்கு சுகி ஒவ்வாமை இருந்தது. 1998-இல் இதே கணக்கு 16.2 விழுக்காடு. சுகித் தோப்பின் பரப்பைப் பத்து வருடத்தில் இருபது விழுக்காடு குறைப்போம், முப்பது வருடத்தில் மகரந்தத்தைப் பாதியாக்குவோம் என்று 2023-இல் ஜப்பான் அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை உங்களால் காத்திருக்க முடியாது, சரி.

முதல் இரண்டு வருடம் ஒன்றுமில்லாமல் இருந்து அப்புறம் வந்ததற்கும் காரணம் உண்டு. உடம்புக்கு ஒரு பொருள் ஒவ்வாமல் போக வேண்டுமென்றால் முதலில் அதனுடன் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் உங்கள் உடம்பு சுகியைப் பார்த்து, அதற்கென்று ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. போதுமான அளவு சேர்ந்த பிறகு வந்த மகரந்தத்துக்குத்தான் தும்மல். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு மூன்று பருவம் கழித்து, சிலருக்குப் பத்து வருடம் கழித்துக்கூடத் தொடங்குவது இப்படித்தான். சிலருக்கு வரவே வராது. வந்தவர்களைப் பார்த்து 'இனிமேல் நீயும் ஜப்பான்காரர்' என்று கேலி செய்வார்கள், கேட்டிருப்பீர்கள்.

இப்போது செட்ரிசினுக்கு வருகிறேன். மருந்து நல்ல மருந்துதான். நீங்கள் அதைப் போட்டுக்கொள்ளும் முறைதான் தப்பு. தும்மல் வந்தால் ஒன்று, இரண்டு நாள் சும்மா, மறுபடி ஒன்று என்று போடுவது, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு வாசலில் மணல் மூட்டை அடுக்குவது போல. இந்த வகை மாத்திரைகள், தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் போய் உட்காரும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்பவை. மகரந்தம் பறக்கத் தொடங்கும் என்று சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, அல்லது மிஞ்சிப்போனால் அந்த வருடத்தின் முதல் தும்மலன்றே தொடங்கி, பருவம் முடியும் வரை விடாமல் எடுக்க வேண்டும். அந்த நாளை யார் சொல்வார்கள் என்றால், டிவியில் வானிலை சொல்பவர்களே சொல்வார்கள். சுகியின் ஆண் பூ மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. ஜூலையில் வெயில் அடித்துக் கொளுத்தினால் அடுத்த வசந்தத்தில் மகரந்தம் அதிகம். அதனால் வருடம் முடிவதற்குள்ளேயே ஓரளவு கணித்துவிடுகிறார்கள். அந்தச் செய்திகளில் 'ஹிசான்' என்ற சொல் காதில் விழுந்தால் மகரந்தம் பறப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

ஆகவே இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். பலகையில் 'ஜிபீகா' அல்லது நீளமாக 'ஜிபி இன்கோகா' என்று இருக்கும். மார்ச்சில் போனால் உங்களுக்கு முன்னால் வட்டாரமே உட்கார்ந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், ஸ்டேஷன் பக்கத்து கிளினிக்கே போதும். ஜப்பான் காப்பீட்டில் உங்கள் பங்கு முப்பது விழுக்காடு. மகனுக்கு டோக்கியோவின் 23 வார்டுகளிலும் பதினெட்டு வயது வரை அந்தப் பங்கையும் வார்டே ஏற்றுக்கொள்கிறது. மருத்துவ அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மொழி தடையாக இருந்தால் நிறையப் பேசத் தேவையில்லை. எந்த மாதம் தொடங்கியது, தும்மல் அதிகமா அடைப்பு அதிகமா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், கர்ப்பமா, சைக்கிளோ காரோ ஓட்டுவீர்களா — இந்த ஐந்தையும் ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி நீட்டினால் போதும்.

சைக்கிளைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மகனைப் பின்னால் உட்கார வைத்து மின்சைக்கிளில் கொண்டுபோய் விடும் அம்மா நீங்கள் என்று நினைக்கிறேன், நிஷிகசாயில் யார்தான் இல்லை. செட்ரிசின் சிலருக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று ஜப்பானிய மருந்துத் தாளிலேயே எழுதியிருக்கும். ஊரில் நாம் சளிக்கு எடுத்துப் போடும் அவில் இன்னும் மோசம், தூக்கம் தெரியாவிட்டாலும் கவனம் மந்தமாகிவிடும். ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின், பிலாஸ்டின் போன்றவற்றுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. முதல் இரண்டும் அலெக்ரா, கிளாரிட்டின் என்ற பெயரில் மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸுடன் விழுங்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். பிலாஸ்டினை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். யாருக்கு எது என்பதை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 'ராத்திரி முழுக்க வாயால் மூச்சு' என்பது. அது மூக்கடைப்பு. மூக்கடைப்புக்கு மாத்திரை மட்டும் போதாது, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் உருப்படியான மருந்து. ஸ்டீராய்டு என்றதும் நம்மவர்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு ஊதும், எலும்பு உளுத்துப்போகும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் வாய்வழி விழுங்கும் ஸ்டீராய்டின் கதை. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்ப்ரேக்களின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. ரத்தத்தில் சேர்வது சொற்பம். அடிக்கும்போது தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்படிச் செய்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரில் படும், ரத்தம் கசியாது. முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், அதனால் முதல் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்தாதீர்கள். ஊரில் ஆட்ரிவின், நாசிவியான் என்று விற்கும் சொட்டு மருந்துகள் ஐந்தே நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அந்த மாயத்துக்கு மயங்கி ஒரு வாரத்துக்கு மேல் போட்டால், அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். அதிலிருந்து மீட்க மூன்று மாதம் போராடிய நோயாளிகள் எனக்கு உண்டு.

ஆவி பிடிப்பது, நொச்சி இலை எல்லாம் செய்யலாமா என்று அடுத்து உங்கள் அம்மா கேட்பார்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நோயை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் குழந்தை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நிறையப் பார்த்தாயிற்று. அதைவிட உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவுவது உபயோகமானது. மருந்துக் கடையில் 'ஹானா உகாய்' என்று கேட்டால் பாட்டிலோடு தருவார்கள். வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய நீர், லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. நேராகக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் கூடாது.

அந்த ஒரே ஊசி. தசையில் போட்டுப் பல வாரம் கரையும் ஸ்டீராய்டு ஊசியைத்தான் தோழி சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் மேலே சொன்ன பயமெல்லாம் இந்த ஊசிக்குப் பொருந்தும். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. ஜப்பானிய மருத்துவ வழிகாட்டுதல்களும் இதைப் பரிந்துரைப்பதில்லை. யார் மலிவாகப் போட்டுவிடுகிறேன் என்றாலும் வேண்டாம். கடுமையான நோயாளிகளுக்கு ஐ.ஜி.இ.-யையே பிடித்துக் கட்டும் ஓமாலிசுமாப் என்ற இன்னொரு ஊசி இருக்கிறது. சுகி ஒவ்வாமைக்கு 2019 டிசம்பரிலிருந்து காப்பீட்டில் உண்டு. அது வேறு எதற்கும் மசியாதவர்களுக்கு. நீங்கள் இன்னும் ஒழுங்காக ஒரு மாத்திரைப் பருவம்கூட முடிக்கவில்லை.

அம்மா கொண்டு வரும் பையைப் பற்றி. செட்ரிசின் ஒரு மாதத்துக்குள்ளான அளவு என்றால் கவலை இல்லை. பயப்பட வேண்டியது, ஊரில் 'சளி மாத்திரை' என்று பொதுவாகக் கொடுக்கும் கலவைகளை. சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் கலந்த மருந்தை முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டு வரவே கூடாது. ஊக்கப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் போய் முடியும், டாக்டர் சீட்டை மட்டும் காட்டினால் செல்லாது. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் ஊரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால், டாக்டர் சீட்டுள்ள மருந்து ஒரு மாத அளவு வரை கொண்டு வரலாம். அதற்கு மேல் தங்குவதானால் கிளம்பும் முன்பே ஜப்பானிய சுகாதார அமைச்சகத்தின் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். இதுதான் இந்தப் பயணத்தில் முக்கியம், செட்ரிசின் அல்ல.

மகனைக் கட்டாயம் காட்டுங்கள். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தேய்க்கிறானா பாருங்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு 'சலாம்' என்றே பெயர். குழந்தைகளுக்குத் தும்மலைவிட அடைப்பும் கண் அரிப்பும்தான் முன்னால் நிற்கும். ராத்திரி தூக்கம் கெட்டுப் பகலில் எரிச்சலாக இருப்பான், வகுப்பில் கவனம் இருக்காது. ஏப்ரல் முதல் வாரத்தில் பள்ளிச் சேர்க்கை விழா, அப்போது ஹினோகி உச்சத்தை நெருங்கியிருக்கும். புது வகுப்பில் முதல் மாதம் அப்படிப் போக வேண்டாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தருவார்கள். கிண்ணத்தில் மருந்தை ஊற்றிக் கண்ணைக் கவிழ்த்துக் கழுவும் பொருள் கடையில் கிடைக்கும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இமையில் ஒட்டியிருக்கும் அழுக்கு கண்ணுக்குள் போகும். ராத்திரியில் இருமல், மூச்சில் விசில் சத்தம், ஓடினால் இளைப்பு — இவை இருந்தால் மூக்கோடு நிற்காத விஷயம், ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலோ, கெட்டியான மஞ்சள் சளியோடு முகவலியோ வந்தாலும் மகரந்தத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இனி விழா நாள். வெயில், காற்று, அதுவும் முந்தின நாள் மழை பெய்து வெளுத்திருந்தால், மகரந்தம் கொட்டும் நாள் அது. நகரத்தில் ஒரு நாளில் இரண்டு உச்சம்: மலையில் காலையில் கிளம்பியது வந்து சேரும் நண்பகல், மேலே மிதந்ததெல்லாம் இறங்கும் சூரிய அஸ்தமனம். அதனால் கோலத்தை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள். நம் வழக்கப்படியும் அதுதான் முறை. முடிந்தால் தரையில் வேண்டாம், கூடத்துக்குள் ஒரு பெரிய பலகையில் போடுங்கள். குனிந்தால் மூக்கு தரைக்குப் பக்கத்தில் போகிறது, தரையில்தான் நேற்றைய மகரந்தமும் கிடக்கிறது. போன வருடம் மாவு பறந்ததன் ரகசியம் இதுதான்.

மாஸ்க் போட்டுப் பரிமாறினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்ற தயக்கம் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. ஜப்பானில் நேர்மாறு, வடை சுடுபவர் மாஸ்க் போடாமல் தும்மினால்தான் முகம் சுளிப்பார்கள். மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி, இடைவெளி இல்லாமல் போடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அன்றைக்கு வேண்டாம், கண்ணாடி போதும். கண்ணுக்கு மை வேண்டாம், கசக்கினால் விகாரமாகிவிடும். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், வழவழப்பில் மகரந்தம் அவ்வளவாக ஒட்டாது. குளிருக்கு மேலே போர்த்தும் கம்பளிச் சால்வைதான் வினை, அது மகரந்தத்தை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும். மழுமழுப்பான ஜாக்கெட் போடுங்கள். எண்ணெய் வைத்து விரித்த கூந்தலும் அப்படித்தான், பின்னிக் கட்டிவிடுங்கள். திரும்பியதும் வாசலிலேயே ஜாக்கெட்டை உதறி மாட்டிவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போங்கள். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் துணியையும் மெத்தையையும் பால்கனியில் காயப் போடாதீர்கள். வெயிலைப் பார்த்தால் துணி காயப் போடாமல் இருக்க நம்மால் முடியாது, தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று. வடைக் கடை போடுகிறீர்கள், உங்கள் ஒவ்வாமையைப் பற்றிக் கேட்டீர்கள், சாப்பிட வருகிறவர்களின் ஒவ்வாமையும் இருக்கிறதே. ஜப்பானியப் பெற்றோர் குழந்தைக்கு ஒரு வாய் கொடுக்கும் முன் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். "வெறும் உளுந்துதான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்னால் பாருங்கள். சேமியா பாயசம் என்றால் கோதுமை, பால், முந்திரி மூன்றும் வந்துவிடுகின்றன. பொரிப்பது கடலை எண்ணெய் என்றால் அது வேர்க்கடலை. கோதுமையும் பாலும் வேர்க்கடலையும் ஜப்பானில் டப்பா உணவில் கட்டாயமாக எழுத வேண்டிய பட்டியலில் இருப்பவை. கொமுகி, கியூன்யூ, ரக்கசே என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், முந்திரிக்கும் ஒரு வரி. அன்றைக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினால் ஒரு தலைவலி குறையும். கடை போட வார்டு சுகாதார நிலையத்துக்கு, அதாவது ஹொகென்ஜோவுக்கு, முன்கூட்டியே தகவல் கொடுத்தாயிற்றா என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே வரிசையில் இன்னொன்று: சுகி ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குப் வேகவைக்காத தக்காளியைக் கடித்தால் உதடும் தொண்டையும் அரிக்கும். மகரந்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் சாயல் தக்காளியிலும் இருப்பதுதான் காரணம். வேகவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், ரசத்துக்கு ஆபத்தில்லை. ஹொக்கைதோவில் இருக்கும் வாசகர்களுக்கு சுகி தொல்லை குறைவு, அங்கே பிர்ச் மரம். அதன் பலியாட்களுக்கு ஆப்பிளும் சோயாப்பாலும் ஆகாமல் போகலாம், சோயாப்பாலில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஒகினாவாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவே தேவையில்லை. அங்கே சுகி அநேகமாக இல்லை, வசதியுள்ள டோக்கியோக்காரர்கள் மார்ச்சில் அங்கே ஓடுவதே அதற்குத்தான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தும்முகிறவர்களுக்குக் காரணம் புல்பூண்டுகள், முக்கியமாக ராக்வீட். நம் ஊர் பார்த்தீனியம் அதற்குச் சொந்தக்காரன். பார்த்தீனியத்தால் ஊரிலேயே அவதிப்பட்டவர்கள் ஜப்பானில் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் இலையுதிர் காலத்திலேயே தும்மலாம்.

விழா முடிந்து ஹினோகியும் ஓய்ந்த பிறகு, ஜூனில், மழைக்காலம் தொடங்கும்போது, அதே கிளினிக்குக்கு இன்னொரு தடவை போங்கள். எல்லாரும் நோயை மறந்துவிடும் மாதம் அது. சுகி மகரந்தச் சாற்றை மாத்திரையாக்கி நாக்குக்கு அடியில் வைக்கும் வைத்தியம் இருக்கிறது, 'சிடாகியூர்' என்ற பெயரில் 2018 முதல் கிடைக்கிறது. மகரந்தம் பறக்கும்போது தொடங்கக் கூடாது, ஜூனிலிருந்து டிசம்பருக்குள் தொடங்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சுகிதான் என்று உறுதியாக வேண்டும். முதல் மாத்திரையை கிளினிக்கிலேயே வைத்து அரை மணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் தினமும் வீட்டில், ஒரு நிமிடம் நாக்கடியில் வைத்து விழுங்க வேண்டும், குறைந்தது மூன்று வருடம். ஊர் திரும்பும் யோசனை இருந்தால் தொடங்காதீர்கள், ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டால் பணமும் பொறுமையும்தான் வீண். குடியேறப் போகிறவர் என்றால் உங்களுக்கும் நல்லது, மகனுக்கு இன்னும் நல்லது. இரண்டாவது குழந்தை திட்டத்தில் இருந்தால் இந்த வைத்தியத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஜெலட்டின் சேர்ந்த மாத்திரையும் கேப்சூலும் நிறைய உண்டு, சுத்த சைவம் என்றால் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கோலம். இவ்வளவும் செய்து, அன்று காலையில் மூக்கு மக்கர் செய்தால் அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் அம்மா ஜப்பானுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்கிறீர்கள். அவர்கள் உடம்புக்கு சுகியை இன்னும் அடையாளமே தெரியாது. மாவுக் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.